ஆர்22 எடுத்துட்டு 404ஏ ஏத்துனோம், கம்ப்ரசர் ஆயிலைக் குடிக்குது. எங்க போகுதுங்க?

கோழிக்கூடு_பல்லடம் | திங்கள், காலை 6:48

வணக்கமுங்க. பல்லடத்துக்கும் பொங்கலூருக்கும் நடுவுல நமக்கு ஒரு சின்ன கோல்டு ரூம் இருக்குதுங்க. வெட்டுன கறிக்கோழியை உறைய வெச்சு மைனஸ் 18-ல போட்டு வெக்கறது. நான் மெக்கானிக் இல்லீங்க, ரூமுக்குச் சொந்தக்காரன். தப்பா எதாச்சும் எழுதுனா பொறுத்துக்கோங்க.

நாலு சிலிண்டர் செமி ஹெர்மெட்டிக் கம்ப்ரசர். பன்னெண்டு வருசமா ஆர்22-ங்கற குளிர்பதன கேஸ்ல ஓடுச்சு, ஒரு சோலியும் வெக்கல. போன மாசம் கண்டென்சர் ஓட்டையாகி கேஸ் முச்சூடும் போயிடுச்சு. "22 இனிமேல் கெடைக்காது, வெலையும் ஏறிக்கிட்டே இருக்கும், 404-க்கு மாத்திரலாம்"னாப்ல மெக்கானிக். எக்ஸ்பான்ஷன் வால்வு, டிரையர் (ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கற ஃபில்ட்டர்) ரெண்டும் புதுசு போட்டு, வேக்கம் எடுத்து, ஆரஞ்சு சிலிண்டர்ல இருந்து கேஸ் ஏத்துனாப்ல. மொத நாள் ரூம் ஜம்முனு எறங்குச்சு.

நாலாம் நாள் மெசின் நின்னு போச்சு. ஆயில் பிரஷர் சுவிட்ச் தட்டியிருந்துச்சு. கம்ப்ரசர்ல ஆயில் மட்டம் பாக்கற கண்ணாடியில பாத்தா ஆயிலே இல்லை. ஒரு லிட்டர் ஊத்துனோம், ஓடுச்சு. ரெண்டு நாள்ல மறுக்கா காலி. இன்னொரு லிட்டர். அப்பறம் அரை லிட்டர். கீழ ஒரு சொட்டுக் கூட ஒழுகல. ரெண்டரை லிட்டர் ஆயில் எங்கதான் போச்சு? ராத்திரி வாட்ச்மேன் அந்த சுவிட்ச்ல இருக்கற செவப்பு ரீசெட் பட்டனை அமுக்கி அமுக்கியே ஓட்டிட்டு இருக்காப்ல.

ஸ்பேனர்14 | திங்கள், காலை 7:30

மொதல்ல அந்தப் பட்டன்ல இருந்து வாட்ச்மேன் கையை எடுக்கச் சொல்லுங்க. அந்த சுவிட்ச் ரெண்டு நிமிசம் பொறுத்துப் பாத்துட்டு, ஆயில் பம்புக்கும் கிராங்கேஸுக்கும் (கம்ப்ரசர் அடியில ஆயில் நிக்கற எடம்) நடுவுல பிரஷர் வித்தியாசம் பத்து பி.எஸ்.ஐ. பக்கம் கூட இல்லீன்னாத்தான் தட்டும். ஒவ்வொருக்கா அமுக்கறப்பவும் ரெண்டு நிமிசம் பேரிங் காஞ்சு ஓடுது. பத்து தடவை அமுக்குனா இருபது நிமிசம். கணக்குப் போட்டுக்கோங்க.

நாலு விசயம் பாத்துட்டு வந்து சொல்லுங்க. ஊத்துன ஆயில் டின்னுல என்ன எழுதியிருக்கு? கேஸ் மாத்தறப்ப பழைய ஆயிலை எறக்குனாங்களா? கம்ப்ரசர் ரூமுக்கு மேலயா கீழயா? ரொம்ப முக்கியமா, டீஃப்ராஸ்ட் (காயில்ல படிஞ்ச பனியை ஹீட்டர் போட்டு உருக்கறது) முடிஞ்சு கம்ப்ரசர் ஓட ஆரம்பிச்ச பத்து நிமிசத்துல ஆயில் கண்ணாடியில என்ன தெரியுதுன்னு கிட்டவே நின்னு பாருங்க.

கேஸ்செட்டு_திருப்பூர் | திங்கள், காலை 9:05

இதுக்கெல்லாம் பயப்படாதீங்க பாஸ். நான் இருவது இருவத்தஞ்சு மெசின் கேஸ் மாத்தியிருக்கேன், ஒண்ணுல கூட ஆயிலைத் தொட்டதில்லை. எல்லாம் இன்னைக்கும் ஓடுது. பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கும், அதான் ஆயிலைத் தள்ளுது.

கோழிக்கூடு_பல்லடம் | திங்கள், மாலை 5:40

பாத்துட்டு வந்துட்டேனுங்ணா.

டின்னுல 3ஜிஎஸ்னு போட்டிருக்கு. பழைய ஆயிலை எறக்கல, "நல்லாத்தான் இருக்குது"ன்னு விட்டுட்டாப்ல. கம்ப்ரசர் மொட்டை மாடியில, ரூம் கீழ. பைப் செவுத்தோரமா நேரா பதினஞ்சு அடி மேல ஏறுது.

டீஃப்ராஸ்ட் சமாச்சாரம்தான் ஆச்சரியம். முடியறதுக்கு முந்தி கண்ணாடியில அடி வளையம் தெரிஞ்சுது, ஆயில் இல்லை. ஹீட்டர் ஆஃப் ஆகி, கம்ப்ரசர் கெளம்பி ஏழெட்டு நிமிசம் இருக்கும், கண்ணாடிக்குள்ள வெள்ளையா நுரை வந்துச்சுங்க, கறந்த பால் மாதிரி. அப்பறம் ஆயில் மட்டம் கண்ணாடி தாண்டி மேல போயிடுச்சு. கம்ப்ரசர் சத்தமே மாறிப்போச்சு. உள்ள யாரோ கல்லைப் போட்டுக் குலுக்கற மாதிரி டக்கு டக்குன்னு. பயந்துபோய் ஆஃப் பண்ணிட்டேன்.

ஸ்பேனர்14 | திங்கள், மாலை 6:15

ஆஃப் பண்ணது நல்லதுங்க. அது ரீட் வால்வு ஆயிலை அடிக்கிற சத்தம். ஆயிலை அமுக்க முடியாது. வால்வுத் தகடுதான் ஒடையும்.

பிஸ்டன் ரிங் தேஞ்சு ஆயில் வெளிய போகலாம், ஆனா டீஃப்ராஸ்ட் முடிஞ்சதும் மொத்தமாத் திரும்பி வராது. உங்க ரெண்டரை லிட்டரும் எங்கயும் போகல, கீழ கூலிங் காயில்லதான் படுத்துக் கெடக்குது. ஹீட்டர் போட்டா எளகி ஒரேயடியா வருது, குளுந்தா அங்கயே நின்னுக்குது. நீங்க ஊத்துன 3ஜிஎஸ் மினரல் ஆயில், அதாவது பெட்ரோலிய எண்ணெய். உள்ள இருந்த பழசும் அதே வகைதான். மினரல் ஆயிலும் 404-ம் ஒட்டாதுங்க. மாத்துன அன்னைக்கே ஆயிலையும் மாத்தியிருக்கோணும்.

பாடவேளை | திங்கள், இரவு 8:20

ஸ்பேனர் அண்ணன் சொன்னது சரிங்க. ஏன்னு நான் சொல்றேன். ஐ.டி.ஐ.ல ஏ.சி. டிரேடு பசங்களுக்குப் பாடம் எடுக்கறவ நான்.

மார்கழி மாசம் தேங்கா எண்ணெய் பாட்டிலைக் கவுத்தா என்ன ஆகும்? எறங்காது. அதே எண்ணெய்ல கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து வெச்சா? எறங்கும். 22 கேஸ் மினரல் ஆயிலுக்கு அந்த மண்ணெண்ணெய் மாதிரி. ஆயிலுக்குள்ள கரைஞ்சு அதை நீர்க்க வெச்சிரும். ரொம்பக் குளுந்தா ஓரளவு பிரியும், அதனாலதான் மைனஸ் மெசின்ல ஆயில் செப்பரேட்டர் வெக்கறது, அல்கைல் பென்சீன் ஆயில் ஊத்தறது எல்லாம். இருந்தாலும் ஆயில் எளகுன பதத்துலயே இருக்கும், வாயு வேகம் தள்ளிக்கிட்டு வந்துரும்.

404ஏ, 134ஏ, 407சி எல்லாம் குளோரின் இல்லாத எச்.எஃப்.சி. (ஹைட்ரோஃப்ளோரோகார்பன்) கேஸ். மினரல் ஆயிலுக்குள்ள இதுக கரையவே கரையாது. உங்க காயில் மைனஸ் 28, 30 டிகிரியில நிக்கும். அந்தக் குளுர்ல கேஸ் கரையாத 3ஜிஎஸ் தேன் மாதிரி கெட்டி. பதினஞ்சு அடி செங்குத்தா ஏறோணும்னா, கம்ப்ரசருக்குத் திரும்பற சக்‌ஷன் வாயு நிமிசத்துக்கு ஆயிரம் அடி வேகமாவது போகோணும்பாங்க. அதுவும் எளகுன ஆயிலுக்குத்தான். கெட்டி ஆயில் பைப் செவுத்துல ஒட்டிக்கிட்டு கீழதான் எறங்கும்.

அதனாலதான் எச்.எஃப்.சி.க்கு பாலியோல் எஸ்டர், அதாவது பி.ஓ.இ. ஆயில். இந்தக் கேஸ்களோட அது கலக்கும். இன்னொரு விசயம், பி.ஓ.இ. 22-ஓடவும் சேரும், மினரல் ஆயிலோடவும் கலக்கும். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, ஆயிலைக் கழுவறப்ப ஒதவும்.

கேஸ்செட்டு_திருப்பூர் | திங்கள், இரவு 9:10

டீச்சர், புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கும். என்ற இருபத்தஞ்சு மெசினும் ஓடுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?

ஸ்பேனர்14 | திங்கள், இரவு 9:25

தம்பி, என்ன மெசின், என்ன கேஸ் போட்டே?

கேஸ்செட்டு_திருப்பூர் | திங்கள், இரவு 9:31

ஒண்ணரை டன், ரெண்டு டன் ஸ்ப்ளிட் ஏ.சி. பனியன் கம்பெனி ஆபீஸ்ல இருக்கறது. 422டி, கொஞ்சத்துக்கு 438ஏ.

ஸ்பேனர்14 | திங்கள், இரவு 9:58

அப்ப நீ சொல்றதும் நெசந்தான். அது வேற கதை, அவ்வளவுதான்.

422டி-ல மூணரை சதவீதம் கிட்ட ஐசோபியூட்டேன் கலந்திருக்கும். 438ஏ-ல பியூட்டேனும் ஐசோபென்டேனும் சேர்த்து ரெண்டே கால் சதவீதம் சொச்சம். அந்தச் சின்னூண்டு ஹைட்ரோகார்பன் மினரல் ஆயில்ல கரைஞ்சு அதை எளக வெக்கத்தான் சேக்கறாங்க. உன்ற மெசின்ல காயில் 5, 7 டிகிரி பிளஸ். பைப் பத்து பதினஞ்சு அடி. ரிசீவர் (தெரவ கேஸ் தேங்கற தொட்டி) இல்லை, அக்கும்யுலேட்டரும் (கம்ப்ரசருக்குள்ள தெரவம் போகாமப் பிடிக்கற குடுவை) கம்ப்ரசரோட ஒட்டுனது. போன ஆயில் வராம எங்க போயிரும்?

அதே 438-ஐ பெரிய ரிசீவர், நீளமான பைப், தெரவ கேஸ் வெள்ளக்காடா நிக்கற சில்லர்னு இருக்கற எடத்துல போட்டுட்டு மினரல் ஆயிலோட விட்டுப் பாரு. அங்க கொஞ்சம் ஆயிலையாவது பி.ஓ.இ.யா மாத்திக் குடுக்கோணும். "ஆயில் மாத்த வேண்டாம்"னு சிலிண்டர் அட்டைப்பெட்டியில போட்டிருக்கறதை வெச்சு முடிவு பண்ணக் கூடாது. போன ஆயில் திரும்ப வருதான்னு பாக்கோணும், அதுக்குக் கண்ணாடியத்தான் பாக்கோணும். உன்ற ஸ்ப்ளிட் மெசின்ல கண்ணாடியே கெடையாது, அதனால உனக்குத் தெரியறதும் இல்லை.

கேஸ்செட்டு_திருப்பூர் | திங்கள், இரவு 10:04

கடைசி வரி குத்துதுங்ணா. ஆனா சரிதான்.

பால்வண்டி_தாராபுரம் | செவ்வாய், காலை 5:55

பால் கறக்கற நேரத்துல எழுதறேன். எங்க ஊர்ல பல்க் மில்க் கூலர் ஒண்ணு இருக்குதுங்க, மூவாயிரம் லிட்டர். கறந்த பால் 35 டிகிரி சூட்டோட வரும், 4 டிகிரிக்குக் கொண்டு போகோணும். அதை 22-ல இருந்து 407சி-க்கு மாத்துனாங்க. ஆயிலும் மாத்துனாங்க, அதுல கொறை சொல்ல முடியாது. கோளாறு வேற எடத்துல.

407சி மூணு கேஸ் கலந்தது: 32, 125, 134ஏ. மூணும் வேற வேற வெப்பத்துல கொதிக்கறது. வந்தவரு சிலிண்டரை நிமுத்தி வெச்சு மேல இருந்து ஆவியா ஏத்துனாரு. ஆவியில லேசான கேஸ்தானே எச்சா வரும்? மெசினுக்குள்ள போன கலவை ஒண்ணு, சிலிண்டர்ல மிச்சம் நின்ன கலவை ஒண்ணு. அடுத்த மாசம் அதே சிலிண்டர்ல டாப்அப் பண்ணாரு. அதுக்கப்பறம் ரெண்டு கேஜும் சொல்றதை எந்த அட்டவணையோடவும் பொருத்தவே முடியல. கடைசில மொத்தத்தையும் எடுத்துட்டு சிலிண்டரைத் தலைகீழாக் கவுத்து, தெரவமா ஏத்துனதுக்கப்பறம்தான் சரியாச்சு.

பல்லடத்தண்ணா, உங்க 404ஏ-ல அந்த வித்தியாசம் ஒரு டிகிரிக்குள்ளதான். ஆனாலும் தெரவமாத்தான் ஏத்தோணும்.

ஐஸ்பிளாண்ட்_பவானி | செவ்வாய், காலை 10:40

நாப்பது வருசம் அமோனியாவுல இருந்தவன். உங்க பேச்சைப் படிச்சா எனக்குச் சிரிப்பா இருக்குது. நாங்க ஆயில் திரும்பி வரோணும்னே எதிர்பாக்கறது இல்லீங்க! அமோனியாவும் மினரல் ஆயிலும் சேராது, சேரவும் வேண்டாம். தெரவ அமோனியா ஆயிலை விட லேசு. ஆயில் தானா அடியில போய்ப் படுத்துக்கும். அடியில ஒரு பாத்திரம் வெச்சு, வாரத்துக்கு ஒருக்கா வால்வைத் தொறந்து எறக்கிட்டு, மேல புதுசா ஊத்திருவோம். 22-ல நேர்மாறு, தெரவம் கனம், ஆயில் மேல மெதக்கும். அடியில வால்வு வெச்சா கேஸ்தான் வரும்.

ஒண்ணு மட்டும் எல்லாருக்கும் சொல்லி வெக்கறேன். ஒரு எடத்துல புதுப் பையன் ஒருத்தன் "ஒசந்த ஆயில்"னு பி.ஓ.இ. டின்னைக் கொண்டாந்து அமோனியா கம்ப்ரசர்ல ஊத்திட்டான். வெல எச்சான்னா நல்லதுன்னு நெனச்சிருக்கான். அமோனியா எஸ்டரை முறிச்சுப் போட்டிரும். பிரிச்சுப் பாத்தா உள்ள வண்டி மை மாதிரி, களியாட்டம் நின்னுச்சு. கரண்டில வழிச்சு எடுத்தோம்.

கோழிக்கூடு_பல்லடம் | செவ்வாய், பகல் 1:15

எல்லாருக்கும் நன்றிங்க. ஒரு ரோசனை கேக்கறேன், திட்டக் கூடாது. பக்கத்துத் தோட்டத்துக்காரரு, "புரொப்பேன் கேஸ் ஏத்திக்கோ, அது பழைய ஆயிலோட சேரும், ஆயிலே மாத்த வேண்டாம்"ங்கறாரு. இன்னொருத்தரு அடுப்புக் கேஸ் சிலிண்டரையே காட்டறாரு.

ஸ்பேனர்14 | செவ்வாய், பகல் 1:22

திட்டாம எப்படி இருக்கறது?

பாடவேளை | செவ்வாய், பகல் 1:50

நான் திட்டாமச் சொல்றேன். புரொப்பேன், அதாவது 290, மினரல் ஆயிலோட சேரும்ங்கறது உண்மை. எச்சாவே சேந்து ஆயிலை நீர்க்கடிச்சிரும்ங்கறதும் உண்மை. கொதிநிலை மைனஸ் 42, 22-க்குக் கிட்டக்க. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும்.

ஆனா அது தீப்பிடிக்கிற கேஸ், ஏ3 வகை. சின்ன அளவு கேஸோட, ஸ்பார்க் வராத சாமானாப் போட்டு, அதுக்குன்னே கட்டுன மெசின்ல அது பத்திரமா ஓடும். உங்க ரூம்ல டீஃப்ராஸ்ட் ஹீட்டர், ஃபேன் மோட்டார், கதவு சுவிட்ச், காண்டாக்டர் அத்தனையும் சாதாரண வகை. கிலோக்கணக்குல கேஸ். மூடுன ரூம். உள்ள ஆளு வேலை செய்யறாங்க. பைப்பை இணைக்கற ஃப்ளேர் நட் ஒண்ணு லூசானாப் போதும். அடுப்புக் கேஸுல புரொப்பேனும் பியூட்டேனும் ஏதோ ஒரு அளவுல கலந்திருக்கும், வாசனைக்குக் கந்தக மருந்து, அதுக்கு மேல ஈரம். மெசினுக்கும் ஆகாது, ஆளுக்கும் ஆகாது. இந்தப் பேச்சை இதோட விட்டுருங்க.

கோழிக்கூடு_பல்லடம் | செவ்வாய், பகல் 2:05

விட்டாச்சுங்க. அப்ப நான் என்ன பண்ணோணும்? மெக்கானிக்கும் பக்கத்துலதான் நின்னு படிச்சிட்டு இருக்காப்ல. கோவிச்சுக்கல, "சொல்லச் சொல்லுங்க"ங்கறாப்ல.

ஸ்பேனர்14 | செவ்வாய், இரவு 9:40

அந்த மனுசனை விட்றாதீங்க. தப்புப் பண்ணிட்டுக் கேக்கறவன்தான் அடுத்த மெசினை ஒழுங்கா மாத்துவான். நானும் ஒரு காலத்துல 12-ல இருந்து 134-க்கு மாத்தறப்ப இதே கூத்தைப் பண்ணவன்தான். பாட்டில் கூலர் ஒண்ணு, மூணு தடவை கம்ப்ரசர் வாங்கிப் போட்டேன், கைக்காசுல.

கணக்கைப் பாருங்க. மெசினுக்குள்ள மொத்தம் அஞ்சு லிட்டர்னு வெச்சுக்குவோம். கம்ப்ரசர் அடிப் பிளக்கைத் தொறந்தா நாலு லிட்டர் வரும். பைப்புலயும் காயில்லயும் ஒரு லிட்டர் நின்னுக்கும். நாலு லிட்டர் பி.ஓ.இ. ஊத்துனா பழசு 20 சதவீதம். ரெண்டாந் தடவை எறக்கி ஊத்துனா 4 சதவீதம். மூணாந் தடவை ஒரு சதவீதத்துக்கும் கீழ. அஞ்சு சதவீதத்துக்குள்ள வந்தாப் போதும்ங்கறது பொதுக் கணக்கு. அதனாலதான் "மூணு தடவை"ன்னு சொல்றது, சாமி கும்புடற மூணு சுத்து இல்லை.

முறையாப் பண்ணறவன் இந்தக் கழுவலை 22 உள்ள இருக்கறப்பவே பண்ணுவான். டீச்சரம்மா சொன்னாங்களே, பி.ஓ.இ. 22-ஓட ஓடும்னு. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நாள், ரெண்டு நாள் ஓட விட்டா 22 மூலை முடுக்கெல்லாம் போய் மினரலை வழிச்சுக்கிட்டு வரும். கடைசி எறக்கல் முடிஞ்சுதான் கேஸை மாத்தோணும். உங்களுக்கு அந்த வாய்ப்புப் போயிடுச்சு, 404 உள்ள இருக்குது. பரவால்ல, டீஃப்ராஸ்டைத்தான் தொணைக்கு வெச்சுக்கோணும். ஒவ்வொரு தடவையும் ஆயிலை எறக்கறதுக்கு முந்தி ரெண்டு மூணு டீஃப்ராஸ்ட் அடுத்தடுத்து விடுங்க. காயில் சூடாகட்டும், படுத்துக் கெடக்கறது எந்திரிச்சு வரட்டும். மட்டம் கண்ணாடியைத் தாண்டறதுக்கு முந்தியே நிறுத்திருங்க. நாலு தடவை ஆனாலும் ஆகும்.

கேஸை வீணாக்க வேண்டியதில்லை. சக்‌ஷன் சர்வீஸ் வால்வை மூடி கிராங்கேஸ் பிரஷரைப் பூஜ்ஜியத்துக்கு மேல துளி நிக்கற மாதிரி எறக்குங்க, டிஸ்சார்ஜ் வால்வை மூடுங்க, பிளக்கைக் கழட்டுங்க. ஆயில் ஊத்துனதுக்கப்பறம் கம்ப்ரசருக்கு மட்டும் வேக்கம் எடுத்தாப் போதும். உங்க காயிலுக்கு 32 கிரேடு (ஆயிலோட கெட்டித்தன்மை எண்) பி.ஓ.இ. சரியா இருக்கும், ஆனா கம்ப்ரசர் பிளேட்ல என்ன போட்டிருக்கோ அதுதான் தீர்ப்பு.

அப்பறம் ஓ-ரிங். இதைத்தான் எல்லாரும் மறக்கறது. பன்னெண்டு வருசம் 22-லயும் மினரல் ஆயில்லயும் ஊறி உப்பியிருக்கற ரப்பர், அது ரெண்டும் போனதும் சுருங்கும். நேத்து வரைக்கும் ஒழுகாத மெசின், கேஸ் மாத்துன மூணாம் வாரம் சைட் கிளாஸ்ல, சொலினாய்டு வால்வுல, வால்வு மூடியில ஒழுகும். "புதுக் கேஸ் மோசம்"னு கேஸ் மேல பழி போடுவாங்க. வெல அஞ்சு ரூவா பத்து ரூவா. மொத்தமா மாத்தி விட்டுருங்க.

பாடவேளை | செவ்வாய், இரவு 10:15

ஒரு சேர்க்கை. பி.ஓ.இ.க்கு ரெண்டு கொணம் உண்டு, மெக்கானிக் அண்ணன் கவனிச்சுக்கட்டும்.

ஒண்ணு, ஈரத்தை இழுக்கும். மினரல் ஆயில் பத்து லட்சத்துல இருபத்தஞ்சு முப்பது பங்கு தண்ணிக்கு மேல ஏத்துக்காது. பி.ஓ.இ. ஆயிரத்தையும் தாண்டி உறிஞ்சும். அதனாலதான் தகர டின்னுல வருது. பிளாஸ்டிக் கேன்ல ஈரம் செவுத்து வழியாவே உள்ள போகும். இப்ப ஆனி மாசம், பாலக்காட்டுக் கணவாயில இருந்து ஈரக் காத்து அடிச்சுக்கிட்டே இருக்குது. டின்னைத் தொறந்து வெச்சுட்டு டீ குடிக்கப் போகாதீங்க. மிஞ்சுன அரை டின்னை "அடுத்த மெசினுக்கு ஆகும்"னு எடுத்து வெக்கவும் வேண்டாம். உள்ள போன தண்ணி எஸ்டரோட சேந்து ஆசிட் ஆகும். ஆசிட் பைப்புல இருக்கற செம்பைக் கரைச்சுக் கொண்டாந்து பேரிங் மேல பூசி வெக்கும். பிரிச்சுப் பாத்தா இரும்பு செவப்பா மினுங்கும். பாக்க அழகு, கம்ப்ரசர் காலி. வேக்கம் போட்டு பி.ஓ.இ.ல இருந்து தண்ணியை எடுக்கறது கஷ்டம், அதை டிரையர்தான் பிடிக்கோணும்.

ரெண்டு, அது நல்ல சோப்பு. பன்னெண்டு வருசத்து அழுக்கு, கரி, பிரேசிங் செதிள் எல்லாத்தையும் பேத்துக் கொண்டாரும். டிரையர் அடைக்கும்.

கோழிக்கூடு_பல்லடம் | வெள்ளி, இரவு 8:50

ரெண்டு தடவை எறக்கியாச்சுங்க. மொத தடவை வந்தது கறுப்பு, வடிச்ச டீத்தூள் நெறம். அஞ்சே முக்கால் லிட்டர்! மொதல்லயே கம்ப்ரசர்ல இருந்த ஆயில் போக, நாங்க பின்னால சேத்ததும் காயில்ல இருந்து கெளம்பி வந்திருக்குது. ஸ்பேனர் அண்ணன் சொன்ன மாதிரி மூணு டீஃப்ராஸ்ட் விட்டுத்தான் எறக்குனோம்.

பி.ஓ.இ. ஊத்தி ஓட்டுன ரெண்டாம் நாள் ரூம் எறங்கல. மெக்கானிக் டிரையரைத் தொட்டுப் பாத்துட்டு என்ற கையைப் பிடிச்சு வெச்சாப்ல. உள்ள போற பக்கம் வெதுவெதுப்பு, வெளிய வர்ற பக்கம் சில்லுனு வேர்த்திருந்துச்சு. டீச்சர் சொன்ன சோப்பு வேலைங்க. கழட்டுனா கறுப்பு மண்ணு. புதுசு போட்டோம்.

இன்னைக்கு ரெண்டாந் தடவை எறக்குனது பழைய தேன் நெறம். ஓ-ரிங் முச்சூடும் மாத்தியாச்சு. சைட் கிளாஸ்ல இருந்த பழசு கையில எடுத்ததும் கருவாடு மாதிரி வளையவே இல்லை.

பழைய ஆயில் எத்தனை சதவீதம் இருக்குன்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது? நெறத்தை வெச்சா?

பாடவேளை | வெள்ளி, இரவு 9:30

நெறம் ஏமாத்தும். ரிஃப்ராக்டோமீட்டர் வேணும். கரும்புக் காட்டுல ஆலைக்காரங்க ஒரு சொட்டுச் சாறு விட்டு, கண்ணுல வெச்சு வெளிச்சத்துல பாப்பாங்களே, அதே தத்துவம். வெளிச்சம் மினரல் ஆயில்ல ஒரு அளவு வளையும், பி.ஓ.இ.ல ஒரு அளவு. அதை வெச்சுக் கலவையைக் கணக்குப் போடலாம். ஆனா கரும்பு மீட்டரையே கொண்டாந்து பாக்காதீங்க, அதோட அளவுகோல் எண்ணெய்க்கு எட்டாது. ஆயிலுக்குன்னே வர்றது இருக்கு.

ஸ்பேனர்14 | வெள்ளி, இரவு 9:44

கோயமுத்தூர் பக்கம் வந்தா என்றதை எடுத்துக்கிட்டுப் போகலாம். திரும்பக் குடுத்தாப் போதும்.

கேஸ்செட்டு_திருப்பூர் | சனி, காலை 8:12

எனக்கு ஒரு சந்தேகம்ங்ணா. கோடையில இவரு மெசின் மொட்டை மாடியில நிக்கும். 404 பிரஷர் தாங்குமா?

ஸ்பேனர்14 | சனி, காலை 8:40

நல்ல கேள்வி தம்பி, நான் விட்டுட்டேன். கண்டென்சிங் 50 டிகிரின்னா 22-ல ஹெட் பிரஷர் 267 பி.எஸ்.ஐ. பக்கம் நிக்கும், 404-ல 320 பக்கம். பழைய ஹை பிரஷர் கட்டவுட் (பிரஷர் எல்லை தாண்டுனா மெசினை நிறுத்தற சுவிட்ச்) 22-க்கு வெச்ச எடத்துலயே இருந்தா சித்திரை மாசம் மத்தியானம் தட்டிக்கிட்டே இருக்கும். கட்டவுட்டை ஏத்தறதுக்கு முந்தி, கண்டென்சரும் ரிசீவரும் எத்தனை பிரஷருக்குச் செஞ்சதுன்னு பிளேட்ல பாருங்க. மேல ஒரு தகரப் பந்தல் போட்டு, காத்து போக வழி விட்டு, மாசம் ஒருக்கா ஃபின்னைக் கழுவுங்க. கேஸும் 22-க்குப் போட்ட எடை அப்படியே வேண்டாம். பத்து கிலோ இருந்த எடத்துல எட்டரை, ஒம்பது போதும்.

பால்வண்டி_தாராபுரம் | சனி, காலை 9:20

இவ்வளவு மல்லுக்கட்டறதுக்கு ஓட்டையை அடைச்சுட்டு 22-லயே ஓட்டியிருக்கலாமே?

பாடவேளை | சனி, காலை 10:05

ஓட்டியிருக்கலாம், நான் தப்புன்னு சொல்லமாட்டேன். ஓசோனைக் காப்பாத்தற மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி நம்மள மாதிரி நாடுகள் எச்.சி.எஃப்.சி.யை (22 இந்த வகைதான்) 2025-ல அடிப்படை அளவுல இருந்து 67.5 சதவீதம் கொறைக்கோணும். 2030-ல நிறுத்தோணும், பழைய மெசின் சர்வீஸுக்குன்னு மட்டும் சின்னதா ஒரு பங்கு 2040 வரைக்கும் வரும். அதனால நாளைக்கே 22 மாயமாகாது. மெசின் இன்னும் அஞ்சு வருசந்தான் ஓடும்னா, ஒழுகல் இல்லாமப் பாத்துக்கிட்டு 22-லயே விடறது புத்திசாலித்தனம்.

எனக்கு நெருடறது வேற. 404ஏ-வோட புவி வெப்பக் கணக்கு (கார்பன் டை ஆக்சைடை 1-னு வெச்சா) 3922. எடுத்துப் போட்ட 22-க்கு 1810. ஓசோனைக் காப்பாத்தறோம்னு சூட்டை ரெண்டு மடங்கு ஏத்தி வெச்சிருக்கோம். அதே ஒப்பந்தத்தோட கிகாலி திருத்தப்படி எச்.எஃப்.சி.களையும் இந்தியா 2028-ல உச்ச அளவுல நிறுத்தி, 2047-க்குள்ள 85 சதவீதம் கொறைக்கோணும். 404-க்கு மாத்தா வர்ற 448ஏ, 449ஏ கேஸ் ரெண்டும் 1400-க்குக் கிட்டதான், அதுகளுக்கும் இதே பி.ஓ.இ. ஆயில்தான். அதனால இப்பப் பண்ணுன ஆயில் வேலை வீண் இல்லை. நாளைக்கு 449-க்குப் போனாலும் அது அப்படியே நிக்கும். ஆனா டிஸ்சார்ஜ் சூடு (கம்ப்ரசர்ல இருந்து வெளிய வர்ற கேஸோட சூடு) 404-ஐ விட எச்சா வரும், மைனஸ் ரூம்ல அதைக் கவனிக்கோணும்.

ஐஸ்பிளாண்ட்_பவானி | சனி, பகல் 12:30

அதுக்குத்தான் சொல்றேன், அமோனியாவுக்கு வாங்கன்னு. அதோட புவி வெப்பக் கணக்கு சுழி.

ஸ்பேனர்14 | சனி, பகல் 12:34

பெரியவரே, அவரு பைப் முச்சூடும் செம்பு. அமோனியா அரிச்சிருமே.

ஐஸ்பிளாண்ட்_பவானி | சனி, பகல் 12:41

அது ஒண்ணுதான் தடங்கல்.

கோழிக்கூடு_பல்லடம் | மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு, காலை 7:20

மூணாந் தடவையும் எறக்கி, ஸ்பேனர் அண்ணன் குடுத்த மீட்டர்ல பாத்தோமுங்க. மூணு சதவீதம். நாலாந் தடவை வேண்டாம்னுட்டாரு. ஆசிட் டெஸ்ட்டும் பண்ணியாச்சு, நெறம் மாறல.

ஆயில் மட்டம் கண்ணாடியில பாதியில நிக்குது. டீஃப்ராஸ்டுக்கு முந்தியும் பாதி, பிந்தியும் பாதி. நுரை மட்டும் அஞ்சு நிமிசம் வந்துட்டு அடங்கிருது. செங்குத்துப் பைப்புக்கு அடியில மெக்கானிக் ஒரு யு-வளைவு போட்டு விட்டாப்ல. ரூம் மைனஸ் 19. செவப்புப் பட்டன் மேல வாட்ச்மேன் ஒரு தீப்பெட்டியை ஒட்டி வெச்சிருக்காப்ல, யாரும் அமுக்கக் கூடாதுன்னு.

சக்‌ஷன் பைப்புல மட்டும் ஒரு ஃப்ளேர்ல ஈரம் மாதிரி தெரிஞ்சுது, சோப்புத் தண்ணி போட்டா குமுழி. டைட் வெச்சாச்சு.

ஒரே ஒரு கேள்வி பாக்கிங்க. தொறக்காத 3ஜிஎஸ் டின் ரெண்டு இருக்குது. கடைக்காரரு திரும்ப எடுத்துக்க மாட்டேங்கறாரு. என்ன பண்ணட்டும்?

ஸ்பேனர்14 | ஞாயிறு, காலை 7:45

22-ல ஓடற பழைய மெசின்காரங்க யாருக்காச்சும் குடுங்க, இல்லீன்னா வாசல் கேட்டோட கீலுக்கு ஊத்துங்க. அந்தக் கம்ப்ரசர் இருக்கற மாடியில மட்டும் வெக்காதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆயில் கொறைஞ்சா கைக்கு எட்டறதைத்தான் ஊத்துவாங்க.

அப்பறம் பெயிண்ட் எடுத்து கம்ப்ரசர் மேலயே பெருசா எழுதி வெச்சுருங்க: 404ஏ, பி.ஓ.இ. 32, மாத்துன தேதி. ஸ்டிக்கர் வேண்டாம், வேர்வையில உரிஞ்சிரும்.

கோழிக்கூடு_பல்லடம் | ஞாயிறு, மாலை 4:10

எழுதியாச்சுங்ணா. மெக்கானிக்கே எழுதுனாப்ல. கீழ அவரு போன் நெம்பரையும் சேத்துட்டாப்ல.

கேஸ்செட்டு_திருப்பூர் | ஞாயிறு, மாலை 4:32

அந்த ரெண்டு டின் எனக்குங்ணா. பெட்ரோல் காசு போட்டு நானே வந்து எடுத்துக்கறேன்.